வலை நிறைந்தால் கடல் நிறைந்ததாகுமா? கீரி, சூடை மீன்பிடியின் கணக்கு

இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு விதமான செய்தி வரும். ஒரு வாரம், கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் கீரி மீன் அள்ள அள்ளக் குறையாமல் பட்டது, விலை அடிமட்டத்துக்கு இறங்கியது என்பார்கள். கொஞ்ச நாள் போனதும், கடலில் மீனே இல்லை, தோணிகள் வெறுமையாகத் திரும்புகின்றன, கடற்றொழிலாளருக்கு நிவாரணம் வேண்டும் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் கல்குடாவிலும் களுவாஞ்சிகுடியிலும் இதே கதைதான். இரண்டையும் வாசிக்கிறவருக்கு ஒரு கேள்வி வரும்: மீன் கூடுகிறதா, குறைகிறதா?

இரண்டு செய்தியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கடலுக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. கரையில் பட்ட மீனும் கடலில் உள்ள மீனும் ஒரே கணக்கு அல்ல. சிறிய எண்ணெய் மீன்களில் இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மற்ற மீன்களை விட அதிகம்.

## எந்த மீன்கள்

கீரி, சூடை, பேசாளை ஆகியவை ஒரே குடும்பத்து மீன்கள். நெத்தலி அவற்றுக்கு நெருங்கிய உறவு. கும்பிளா வேறு குடும்பம் என்றாலும் வாழும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். இவற்றுக்குப் பொதுவான குணங்கள் நான்கு.

1. கடலின் மேல்மட்டத்தில், கரைக்கு அண்மையில், பெருங்கூட்டமாகத் திரியும்.
2. கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை உயிரிகளைச் செவுளால் வடித்துத் தின்னும். அந்தக் கொழுப்புத்தான் அவற்றின் தசையில் எண்ணெயாகச் சேர்கிறது.
3. வேகமாக வளரும், இளமையிலேயே முட்டையிடும், சீக்கிரம் சாகும். கீரி சுமார் 15 சென்ரிமீற்றர் அளவில் முதன்முதலாக முட்டைக்கு வருகிறது. அதற்கு ஓர் ஆண்டளவே போதும்.
4. சூரை, அறுக்குளா, பாரை, கடற்பறவை, டொல்பின் எல்லாவற்றுக்கும் இவையே இரை.

மூன்றாவது குணத்தைக் கவனியுங்கள். சுறா போன்ற மெதுவாக வளரும் மீனில் பல வயதுக்காரர் ஒன்றாக இருப்பார்கள். ஓர் ஆண்டு குஞ்சு சரியாகப் பிழைக்காவிட்டாலும் பழைய மீன்கள் தாக்குப்பிடிக்கும். கீரியில் அந்தச் சேமிப்புக் கிடையாது. இந்தப் பருவத்தில் வலையில் ஏறுவதில் பெரும்பகுதி சென்ற ஆண்டு பிறந்தது. சென்ற ஆண்டு குஞ்சுகள் பிழைத்திருந்தால் மீன்பாடு கொட்டும். பிழைக்காவிட்டால் இல்லை. ஆக, ஏற்ற இறக்கம் இந்த மீனின் இயல்பிலேயே இருக்கிறது. ஓர் ஆண்டு குறைந்ததை வைத்து அழிந்துவிட்டது என்று பதறவும் தேவையில்லை. ஓர் ஆண்டு கூடியதை வைத்து எல்லாம் சரி என்று இருந்துவிடவும் கூடாது.

## கிழக்குக் கடல் எப்படித் தீனி போடுகிறது

மிதவை உயிரி வளர உப்புச்சத்துகள் வேண்டும். அவை ஆழத்துக் குளிர் நீரில்தான் அதிகம் உள்ளன. மேலே வெளிச்சம் உண்டு, சத்துக் குறைவு. கீழே சத்து உண்டு, வெளிச்சம் இல்லை. கீழ் நீர் மேலே வரும் இடத்தில்தான் மீன் பெருகும்.

வங்காள விரிகுடாவுக்கு இங்கே ஒரு குறை இருக்கிறது. பெரிய ஆறுகளின் நன்னீரும் மழையும் மேலே ஒரு மெல்லிய படலமாக நிற்பதால், கீழ் நீர் எளிதில் மேலே கலப்பதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவ காலத்தில், நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், இலங்கைக்குக் கிழக்கே கடலில் ஒரு பெரிய சுழல் உருவாகி அதன் நடுவில் குளிர் நீர் மேலெழுகிறது. கடலியலாளர் இதற்கு இலங்கைக் குவிமாடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே மாதங்களில் கரையோரக் கடல் அமைதியாக இருப்பதால் கரைவலைப் பருவமும் அப்போதுதான்.

இன்னொரு தீனி நிலத்திலிருந்து வருகிறது. மாரியில் மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரங்கள் பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் வெட்டுப்படும்போது, வயல்வெளியிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்த வெள்ளம் கடலுக்குப் போகிறது. மாதுறு ஓயா வாழைச்சேனைப் பக்கம் கலக்கிறது. இந்த நீரின் வரத்து இப்போது இயற்கையின் கையில் மட்டும் இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு பட்டிப்பளை ஆறு எப்போது, எவ்வளவு கடலுக்குப் போகும் என்பதை அணையும் வாய்க்கால்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மீன் குறைந்தால் உடனே வலையைப் பார்க்கிறோம். ஆற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## கூட்டமாகத் திரியும் மீன் காட்டும் கண்கட்டு

இதுதான் இந்த விடயத்தின் மையம், ஆகவே கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

மீன் இருப்பு என்பது ஒரு கடற்பரப்பில் தமக்குள் இனம்பெருக்கும் ஓரினத்தின் மொத்தக் கூட்டம். அதைக் கடலுக்குள் இறங்கி எண்ண முடியாது. எனவே வழக்கமாகப் பார்ப்பது, ஒரு தடவை வலை விட்டால் எவ்வளவு படுகிறது என்பதை. பரந்து வாழும் மீனுக்கு இது ஓரளவு பொருந்தும். மீன் பாதியானால் வலையில் படுவதும் பாதியாகும்.

கீரிக்கு இது பொருந்தாது. எண்ணிக்கை குறைந்தாலும் கீரி தனித்தனியாகப் பிரிந்து போகாது. மிஞ்சியவை ஒன்றாகச் சேர்ந்து நெருக்கமான கூட்டமாகவே திரியும். ஒரு பேச்சுக்கு, ஒரு கடலில் ஒவ்வொன்றும் ஒரு தொன் கொண்ட 100 கூட்டங்கள் இருந்தன என்று வையுங்கள். அவை 40 ஆகக் குறைந்தாலும், வலை வளைக்கும் கூட்டத்தில் அதே ஒரு தொன்தான் இருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மாறுவது ஒன்று மட்டும்: அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நேரமும் எண்ணெயும். முன்பு விடியற்காலையில் கரையிலிருந்து கண்ட மீனைத் தேடி இப்போது வெகுதூரம் ஓட வேண்டியிருக்கும். அந்தத் தேடலையும் இயந்திரம், கைத்தொலைபேசி, மீன் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்து குறைத்துவிடுகின்றன. ஆக, கடைசிக் கூட்டங்கள் வரை மீன்பாடு நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு ஒரேயடியாக விழும்.

கரையில் டிரக்டர் பெட்டி நிறையக் கீரி நிற்கும் படத்தைப் பார்த்து, கடல் வளமாக இருக்கிறது என்று எழுதுவது இதனால்தான் தவறு. அந்தப் படம் ஒரு கூட்டம் வலைக்குள் வந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

## மற்ற இடங்களில் நடந்தது

பெருவில் நெத்தலி இனத்து மீன் ஒன்றை 1970இல் ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தார்கள். உலகில் ஒரே இன மீனை அந்த அளவில் அதற்கு முன் யாரும் பிடித்ததில்லை. 1972-73இல் எல் நினோ வந்து கடல் சூடேறியது. மீன்பிடி இரண்டு மூன்று ஆண்டுக்குள் சிதைந்தது. மீள்வதற்குப் பல ஆண்டுகள் எடுத்தன.

நமக்கு இன்னும் அண்மையானது கேரளம். அங்கே மத்தி என்று சொல்லும் பேசாளை 2012இல் ஏறத்தாழ நான்கு இலட்சம் தொன் பட்டது. 2015இல் அது எழுபதாயிரம் தொன்னுக்குள் வந்தது. 2021இல் வெறும் மூவாயிரத்துச் சொச்சம். அடுத்த ஆண்டே ஒரு இலட்சத்துக்கு ஏறியது. கடல் நிலை மாறியதும் குஞ்சு மீனை அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்தே வீழ்ச்சிக்குக் காரணம் என்பதுதான் அங்குள்ள ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு சட்டமும் போட்டது.

கடலில் நல்ல காலமும் கெட்ட காலமும் மாறி மாறி வரும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மீன் குறைந்துகொண்டு போகும் கெட்ட காலத்திலும் நல்ல காலத்து வேகத்திலேயே பிடித்தால், சாதாரண இறக்கம் ஒரு சரிவாகிவிடும். உலகின் பல இடத்துச் சிறுமீன் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. "எல்லாம் காலநிலை மாற்றம்" என்பவரும் "எல்லாம் மீனவர் பேராசை" என்பவரும் பாதிக் கதையையே சொல்கிறார்கள்.

## கரைவலை கொடுத்த கட்டுப்பாடு

கரைவலையை அழிவுத் தொழில் என்று சொல்வாரும் உண்டு, பாரம்பரியம் என்று பாராட்டுவாரும் உண்டு. நிலைபேற்றுக் கண்ணோடு பார்த்தால் அதன் உண்மையான சிறப்பு வேறு: அதனால் எட்ட முடியாத இடமும் நேரமும் நிறைய.

ஒரு தோணி கரையிலிருந்து வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் மணலில் குதி பதித்து இழுப்பார்கள். கடைசியில் கரைக்கு வருவது மடி, அதாவது வலையின் பை போன்ற பகுதி. அந்த மடியின் கண் மிகச் சிறியது. நெத்தலியும் தப்பாது, ஒரு விரல் நீளக் கீரிக் குஞ்சும் தப்பாது. இது அதன் குறை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் இதே வலை,

1. மணல் அடியில் மட்டும்தான் இழுபடும். பாறையும் முருகைக்கல்லும் உள்ள இடத்தில் கிழிந்துபோகும்.
2. கயிறு எட்டும் தூரத்தைத் தாண்டாது.
3. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது மாதக்கணக்கில் கரையில் கிடக்கும்.
4. அனுமதிப்பத்திரத்தில் குறித்த கரைத் துண்டில், முறை வைத்தே விட முடியும்.
5. மீன் தானாகக் கரைக்கு வந்தால்தான் உண்டு. வலை மீனைத் தேடிப் போகாது.

இவற்றை யாரும் மீன் பாதுகாப்புக்காகத் திட்டமிட்டுச் செய்யவில்லை. என்றாலும், பிடிபடாத பங்கு ஒன்று ஒவ்வோர் ஆண்டும் கடலில் மிஞ்சியது இதனால்தான்.

கீரிக்கென்று விடும் சிறுகண் செவுள்வலைக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். அதில் குறிப்பிட்ட பருமனுள்ள மீனே தலை நுழைந்து செவுளில் மாட்டும். சின்னது ஊடுருவிப் போய்விடும், பெரியதுக்குத் தலை நுழையாது. அதோடு, நிலாக் காலத்தில் மீன் பரந்து திரியும், வலையும் அதன் கண்ணுக்குத் தெரியும். எனவே மாதத்தில் சில இரவுகள் தானாகவே ஓய்வு.

இப்போது என்ன மாறுகிறது? சுருக்குவலை ஒரு கூட்டத்தை முழுதாகச் சுற்றி அடியையும் கட்டிவிடும். பாறைக்கு மேலும் விடலாம், கரையிலிருந்து எவ்வளவு தூரத்திலும் விடலாம். வெளிச்சம் போட்டுப் பிடித்தால் மீன் படகைத் தேடி வரும். வெடிவைத்துப் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டப்படி குற்றம். அது மீனைக் கொல்வதோடு மீன் ஒதுங்கும் முருகைக்கல்லையும் உடைக்கிறது. சில கரைகளில் ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை கரைவலையை இழுக்கிறது. இதைப் பற்றிய தகராறு வடக்கிலும் கிழக்கிலும் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. இவற்றில் சில சட்டவிரோதம், சில அனுமதி பெற்றுச் செய்யக்கூடியவை. மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாவற்றின் விளைவும் ஒன்றுதான்: ஒதுங்கும் இடமும் ஓய்வு கிடைக்கும் நேரமும் சுருங்குகின்றன.

கரையும் சுருங்குகிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் அணைகள் மணல் ஓட்டத்தை மறித்ததில் துறைமுக வாயில் மணலால் அடைபட்டது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. கரைவலைக்கு இழுக்கும் மணல் வேண்டும், வாடி என்னும் கரைக் குடிசைக்கு இடம் வேண்டும். அது போனவர் தொழிலை விட்டுவிட மாட்டார், முடிந்தால் இயந்திரப் படகுக்கு மாறுவார். கரை அரிப்பை வீடும் தென்னையும் போன கதையாக மட்டும் பார்ப்பது போதாது. மீனைப் பிடிக்கும் முறையையே அது மாற்றிவிடுகிறது.

## நம்மிடம் உள்ள தரவு

இது சுருக்கமாக முடிந்துவிடும், ஏனென்றால் அதிகம் இல்லை. நோர்வே நாட்டின் டொக்டர் பிரிட்ஜொப் நான்சன் ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கரையோரத்தை ஒலிக்கருவியால் அளந்தது. அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018இல், நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து மீண்டும் அளந்தது. கரையோர மீன் முந்தைய மதிப்பை விட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் பிந்தைய ஆய்வு ஒரே பருவத்தில் நடந்தது. பெரிய கப்பலால் கீரி ஒதுங்கும் ஆழங்குறைந்த கரையோரத்துக்குள் வரவும் முடியாது. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவுதான், ஆனால் ஒதுக்கிவிட முடியாதது.

நாளாந்தப் புள்ளிவிபரத்தின் குறை இன்னும் அடிப்படையானது. அரசாங்க மீன் உற்பத்தி அட்டவணையில் அறுக்குளா, பாரை, சுறா எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. சிறுமீன்கள் பெரும்பாலும் "கரைவலை இனங்கள்" என்ற ஒரே வரிக்குள் போய்விடுகின்றன. கீரி பாதியாகி நெத்தலி இரட்டித்தால் அந்த வரியில் எதுவும் தெரியாது. அட்டவணை அமைதியாக இருக்கும்.

## விலை விழுந்தால் மீனுக்கு என்ன

மலிந்தால் மக்கள் கூடத் தின்பார்கள், நல்லதுதானே என்று தோன்றும். அதில் உண்மையும் உண்டு. ஏழை வீட்டுக்கு முள்ளோடு தின்னும் நெத்தலியும் சூடையும் கொடுக்கும் கல்சியத்தையும் ஒமேகா-3 கொழுப்பையும் அந்த விலைக்கு வேறு எதுவும் கொடுக்காது.

ஆனால் எண்ணெய் மீன் வெயிலில் தாங்காது. கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். குளிரில் வைக்காத கீரியிலும் கும்பிளாவிலும் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமைன் என்ற பொருளை உண்டாக்கும். அது சமைத்தாலும் அழியாது, முகம் சிவந்து தலை இடிக்கும், ஒவ்வாமை போன்ற நச்சுத்தாக்கத்தைக் கொடுக்கும். ஆகவே ஐஸ் இல்லாத கரையில் பத்து மணிக்குப் பிறகு விற்பவர் பேரம் பேசும் நிலையில் இல்லை. வியாபாரி சொன்னதே விலை. கிலோவுக்குக் கிடைப்பது பாதியானால், அதே வருமானத்துக்கு இரண்டு மடங்கு பிடிக்க வேண்டும். மிஞ்சியது கருவாடாகும். மழை வந்தால் அதுவும் இல்லை.

என் கணிப்பில், இந்தக் கரைகளில் மீன் இருப்புக்குச் செய்யக்கூடிய மலிவான உதவி ஐஸும் மணல் படாமல் காயவைக்கும் மேடையும்தான். வலையைத் தடைசெய்வதை விட அவை குறைவான சண்டையைக் கொண்டுவரும்.

## செய்யக்கூடியவை, ஒவ்வொன்றிலும் உள்ள சிக்கல்

கண் அளவு. எல்லோருக்கும் ஒரே பெரிய கண் என்று சட்டம் போட்டால் நெத்தலித் தொழில் செத்துவிடும். நெத்தலி முழு வளர்ச்சியிலும் சின்ன மீன்தான். சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு. செவுள்வலைக்குக் கண் அளவு பலன் தரும். கரைவலைக்கு, குஞ்சு அதிகமாகப் படும் வாரங்களில் நிறுத்துவதே பொருந்தும்.

மூடு காலம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மூடு காலம் அறிவிக்கவும், மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசம் பிரகடனம் செய்து தொழிலாளர் பங்குபற்றும் குழு அமைக்கவும் இடம் இருக்கிறது. எப்போது மூடுவது என்பதுதான் கேள்வி. கிழக்கில் அமைதியான மாதங்கள்தான் உழைக்கும் மாதங்கள். அதன் நடுவில் இரண்டு மாதம் மூடினால் அந்த ஆண்டு போச்சு. கீரியின் வயிற்றைக் கீறி முட்டையின் வளர்ச்சியை மாதாமாதம் பார்த்தால், உச்சமான இரண்டு மூன்று வாரத்தைக் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை, ஒரு கத்தியும் ஒரு கொப்பியும் போதும்.

யார் வரலாம். இதுதான் கடினமானது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் கிழக்குக்கு வருவது நெடுநாள் வழக்கம். உள்ளூரில் மட்டும் கட்டுப்பாடு போட்டால், ஒருவர் விட்ட மீனை இன்னொருவர் பிடிப்பார். மூதூரிலிருந்து பொத்துவில் வரை ஒரே விதி இல்லாவிட்டால் எந்த ஊர்ச் சங்கமும் தன் ஆட்களை மட்டும் நிறுத்தி வைக்க முடியாது. கீரிக்கு மாவட்ட எல்லை தெரியாது.

அளத்தல். இறங்குதுறைகள் சிலவற்றில் கிழமைக்கு ஒருநாள், கலக்காத ஒரு கூடை மீனை எடுத்து நீளம் அளந்து எழுதினால், மூன்று நான்கு ஆண்டில் போக்குத் தெரியும். சராசரி நீளம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 15 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால், மீன்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கவலைப்பட வேண்டும். முட்டையிடு முன்பே பிடிக்கிறோம் என்று அதற்குப் பொருள்.

## அடுத்த பருவச் செய்தியை வாசிக்கும்போது

"தொன் கணக்கில் பட்டது" என்று வந்தால் மூன்று விடயங்களைத் தேடுங்கள். மீனின் நீளம் என்ன. எத்தனை தோணி வெறுமையாக வந்த நாளில் அந்த ஒரு தோணி நிறைந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த வலையில் பட்டது. "மீனே இல்லை" என்று வந்தால், எந்த மீன் இல்லை, அது ஒரு பருவமா தொடர்ந்து மூன்று பருவமா என்று பாருங்கள். இவை செய்தியில் இல்லையென்றால், கரைக்குப் போகிறவர்கள் ஒரு சாண் கோலால் மீனை அளந்து பார்க்கலாம். சந்தையில் கீரி வாங்குகிறவருக்கும் அது முடியும்.